எ சம்மர் பிளேஸ்: தொடக்கத்தில் அந்த மெட்டு வரவில்லையா?

எ சம்மர் பிளேஸ் மெட்டு என்று புகழ்பெற்ற இசை, படம் போட்டதும் வரவில்லை என்பதற்காக உங்கள் டிவிடியைச் சந்தேகிக்க வேண்டாம். எ சம்மர் பிளேஸ் (1959) என்ற இந்த ஹாலிவுட் படத்தில் எழுத்து போடும்போது ஒலிப்பது வேறு இசை.

நீங்கள் தேடுவது மோலி, ஜானி என்ற இளம் ஜோடிக்காக மேக்ஸ் ஸ்டைனர் அமைத்த மெட்டு. மோலியின் அப்பாவும் ஜானியின் அம்மாவும் பழைய காதலர்கள். இருவருக்கும் வேறு வேறு இடத்தில் கல்யாணம் ஆகிவிட்டது. பெரியவர்களின் அந்த உறவு வெளியே தெரிந்து இரண்டு குடும்பமும் உடைய, பிள்ளைகளின் காதலுக்கும் தடை விழுகிறது. அந்த நேரத்தில் இந்த மெட்டைக் கேட்டால் மனசு கனத்துவிடும்.

குழப்பத்துக்குக் காரணம் பெர்சி ஃபெய்த் இசைக்குழுவின் இசைத்தட்டாக இருக்கலாம். 1960இல் அமெரிக்க பாடல் தரவரிசையில் 9 வாரம் முதலிடத்தில் இருந்தது அதுதான். அது தனிப் பதிவு, படத்தில் இருப்பது அல்ல.

மோலியும் ஜானியும் தனியாக இருக்கும் காட்சிகளைப் போட்டுக் கேளுங்கள். அப்புறம் டிவிடியில் படம் முழுசாக இருக்கிறதா என்று அறிய நீளத்தையும் பாருங்கள்: சுமார் 130 நிமிடம் இருக்க வேண்டும். ஐரோப்பிய டிவிடி என்றால் ஓட்டம் சற்று வேகம், அதனால் 5 நிமிடம் குறைவாகக் காட்டலாம்.