மூச்சை வைத்து இதயத்தை அளக்க முடியுமா?

கேள்வி: என் அப்பாவுக்கு 64 வயது. இதயச் செயலிழப்புக்கு மாத்திரை சாப்பிடுகிறார். எக்கோவில் எஜெக்‌ஷன் ஃபிராக்‌ஷன் 35% என்று வந்தது. இப்போது ஒரு பையில் மூச்சு விட வைத்து, இதயம் நிமிடத்துக்கு எவ்வளவு ரத்தம் தள்ளுகிறது என்று பார்க்கலாம் என்கிறார்கள். எக்கோ எடுத்த பிறகு இது எதற்கு? நம்பலாமா? அவர் பல வருடம் புகைபிடித்தவர்.

பதில்: நம்பத்தக்க பரிசோதனைதான். ஆனால் நீங்கள் கடைசியில் சொன்ன புகைப்பழக்கம் இதில் மிக முக்கியம்.

அந்த 35%, இடது கீழறையில் நிறைந்த ரத்தத்தில் ஒரு துடிப்புக்கு எவ்வளவு பங்கு வெளியேறுகிறது என்பது. லிட்டர் கணக்கு வேறு. விரிந்துபோன அறை 200 மில்லி கொண்டால், அதில் 35% என்பது 70 மில்லி. நல்ல இதயமும் ஒரு துடிப்புக்குக் கிட்டத்தட்ட அவ்வளவுதான் தள்ளும். அதனால் சதவீதத்தை மட்டும் பார்த்துப் பயந்துவிடாதீர்கள். ஓய்வில் நிமிடத்துக்குச் சுமார் 5 லிட்டர் இயல்பு. எக்கோவிலும் இதைக் கணக்கிடலாம். ஆனால் சைக்கிள் மிதிக்கும்போது எடுப்பது சிரமம். மூச்சு முறையில் அது எளிது. நடந்தால் மூச்சு வாங்குகிறவருக்கு அந்த அளவுதான் தேவை.

வலது இதயம் தள்ளும் ரத்தம் முழுவதும் நுரையீரல் வழியாகவே போகிறது. பையில் நைட்ரஸ் ஆக்சைடு என்ற மயக்க வாயு மிகக் குறைந்த அளவில் இருக்கும். அது ரத்தத்தில் கரையும். நுரையீரலில் ரத்தம் எவ்வளவு வேகமாக ஓடுகிறதோ அவ்வளவு வேகமாகப் பையில் குறையும். கூடவே ரத்தத்தில் கரையாத சல்ஃபர் ஹெக்ஸாஃப்ளூரைடும் சேர்ப்பார்கள். நுரையீரலின் கொள்ளளவை அது காட்டும். மூக்கை அடைத்துக்கொண்டு சில மூச்சுகள், அரை நிமிடம்கூட ஆகாது. அந்த அளவு வாயுவால் மயக்கம் வராது.

இனி புகை விஷயம். காற்று சரியாகப் போகாத பகுதிகள் நுரையீரலில் இருந்தால், அங்கே ஓடும் ரத்தம் வாயுவை எடுத்துக்கொள்ளாது. எண் உண்மையைவிடக் குறைவாக வரலாம். வாயுக்கள் சீராகக் கலக்காமலும் போகலாம். ஆகவே முதலில் ஸ்பைரோமெட்ரி (ஊதச் சொல்லி நுரையீரலின் திறனை அளக்கும் சோதனை) செய்யச் சொல்லிக் கேளுங்கள். அப்புறம் இந்தப் பரிசோதனையைச் சில நிமிட இடைவெளியில் இரண்டு முறை செய்யட்டும். இரண்டு எண்களும் நெருங்கி வர வேண்டும்.

ஒன்று மட்டும் இதில் கிடைக்காது: நுரையீரல் தமனியின் அழுத்தம். அது துல்லியமாக வேண்டுமென்றால் கழுத்து அல்லது தொடை ரத்தக்குழாய் வழியாகக் கதீட்டர் என்ற மெல்லிய குழாயைச் செலுத்தித்தான் ஆக வேண்டும். மருத்துவர் அதைக் கேட்டால் மறுக்காதீர்கள்.

பரிசோதனைக்காக மாத்திரைகளை நீங்களாக நிறுத்த வேண்டாம். படுத்தால் மூச்சு முட்டினாலோ, இரண்டு மூன்று நாளில் எடை 2 கிலோ கூடினாலோ பரிசோதனைத் தேதிக்குக் காத்திருக்காமல் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள்.