நால்வர் வாசிப்பில் எதைப் புகழ்கிறார்கள்?

கேள்வி: மேலைநாட்டு நால்வர் குழுக்களைப் பாராட்டும் விமர்சகர்கள், 'நால்வரும் ஒருவர்போல் வாசித்தார்கள்' என்று எழுதுகிறார்களே, அது அவ்வளவு பெரிய சிறப்பா?
– ஒரு வாசகி, தேவிபட்டினம்

பதில்: சிறப்புதான், ஆனால் பாதிச் சிறப்பு. இரண்டு வயலின், ஒரு வியோலா (வயலினைவிடச் சற்றுப் பெரியது, குரல் தாழ்ந்தது), ஒரு செல்லோ (அதனினும் பெரிய, தாழ்ந்த குரல் கருவி) கொண்ட இக்குழுவில் கையசைத்து வழிநடத்தும் இசை நடத்துநரும் இல்லை, சுருதிக்குப் பிடிமானமாகப் பியானோவும் இல்லை. ஆகவே ஒவ்வொருவரும் மற்ற மூவரின் ஒலியைக் கேட்டுத் தம் விரலை நொடிக்கு நொடி நகர்த்த வேண்டும். உங்கள் கடற்கரையில் கரைவலையின் இரு கயிறுகளையும் ஒரே வேகத்தில் இழுப்பவர்களுக்கு இது எளிதில் விளங்கும்.

பீத்தோவன் 1826இல் முடித்த சி ஷார்ப் மைனர் (மேலைநாட்டுச் சுர அமைப்புகளில் ஒன்று) நால்வர் இசையின் ஏழு பகுதிகளையும் இடைவெளியின்றி, ஏறத்தாழ நாற்பது நிமிடம், வாசிக்க வேண்டும். நடுவில் தந்தி இறங்கினாலும் நிறுத்திச் சுருதி சேர்க்க வழியில்லை என்பதால், அதைக் கடைசிவரை தாங்கிய குழுவுக்குக் கிடைக்கும் பாராட்டு வெறும் உபசாரம் அன்று. அமேடியஸ் என்ற புகழ்பெற்ற நால்வர் குழுவில் 1987இல் வியோலாக் கலைஞர் பீட்டர் ஷிட்லாஃப் மறைந்தபோது, வேறொருவரைச் சேர்க்காமல் குழுவையே கலைத்துவிட்டார்கள். அத்தகைய பிணைப்பைத்தான் விமர்சகர்கள் போற்றுகிறார்கள்.

இருந்தாலும், ஒற்றுமையை மட்டும் மெச்சி, வியோலா எந்த இடத்தில் தனிக்குரலாக எழுந்தது என்று சொல்லாத விமர்சனத்தை நான் அதிகம் நம்புவதில்லை. (நம் கச்சேரி விமர்சனங்களிலும் 'பக்கபலமாக வாசித்தார்' என்ற ஒரே வரியோடு மிருதங்கக்காரரை அனுப்பிவிடுகிறோம்.)