சுருக்குப் பாவாடை தைக்கும்போது சுருக்கம் சீராக வர என்ன செய்வது?

சுருக்கம் ஒரே பக்கம் குவிகிறது, இழுத்தால் நூல் அறுகிறது என்கிறீர்கள். சுருக்கத்துக்கு ஒற்றை வரித் தையல் ஓட்டினால் அப்படித்தான். குழந்தையின் இடுப்பு 20 அங்குலம் என்றால் துணிச் சுற்றளவு 50 அங்குலமாவது இருக்கட்டும். பருத்தி என்றால் முதலில் நனைத்துக் காயவைத்துவிடுங்கள், இல்லையென்றால் முதல் சலவையிலேயே பாவாடை மேலே ஏறிவிடும் (என் மகளுக்கு நடந்தது). அப்புறம் மெஷினில் தையலை மிக நீளமாக வைத்து, மேல் விளிம்பில் கால் அங்குல இடைவெளியில் இரண்டு வரி ஓட்டி, நுனி நூலை நீளமாக விடுங்கள். துணியையும் இடுப்புப் பட்டியையும் நான்காக மடித்துச் சாக்பீஸால் குறியிட்டு, குறிக்குக் குறி குண்டூசி குத்தியபின், அடிப்பக்கத்து பாபின் (மெஷினின் அடியில் இருக்கும் சிறு நூல் உருளை) நூல்கள் இரண்டையும் சேர்த்து மெதுவாக இழுங்கள். இரண்டு வரிக்கும் நடுவே பட்டியைத் தைத்தால் சுருக்கம் நகராது. வெளியே தெரியும் வரியைப் பிரித்துவிடலாம். கீழ் மடிப்புக்கு இரண்டு அங்குலம் விடுங்கள், அடுத்த வருஷம் இறக்கிக்கொள்ளலாம்.