தொட்டியில் விழுந்த குழந்தை

மதிப்பிற்குரிய ஐயா,

பிரெஞ்சு ஓவியர் ஒனோரே தோமியே 1844-இல் வரைந்த கல்லச்சுப் படம் ஒன்றை அண்மையில் பார்த்தேன். தாய் தன்னை மறந்து எழுதிக்கொண்டிருக்கிறாள். குழந்தை தண்ணீர்த் தொட்டிக்குள் தலைகுப்புற விழுந்து கிடக்கிறது. நான் சிரித்துவிட்டேன், என் மனைவி சிரிக்கவில்லை. அக்காலப் பிரெஞ்சுக் குடும்ப வாழ்வுக்கு இதைச் சான்றாகக் கொள்ளலாமா? தோமியே பெண்கள் எழுதுவதை வெறுத்தவரா?

கண்ணன்

அன்புள்ள கண்ணன்,

தங்கள் மனைவி சிரிக்காததில் நியாயம் இருக்கிறது. பாரிஸின் 'லே ஷாரிவாரி' நாளிதழில் 'நீலக் காலுறைகள்' என்ற தலைப்பில் வெளிவந்த 40 படங்களுள் அது ஒன்று. எழுத்திலும் படிப்பிலும் ஈடுபட்ட பெண்களுக்குக் கேலியாக வைத்த பட்டப்பெயர் அது. ஜார்ஜ் ஸாந்த் என்ற பெண் எழுத்தாளர் ஆண்பெயரில் நாவல்கள் எழுதிப் புகழ்பெற்றிருந்த காலம். எனவே அதை நேரில் கண்டு வரைந்த வீடு என்று நான் நினைக்கவில்லை. மனைவி பேனாவைத் தொட்டால் குடும்பம் என்னாகுமோ என்று அஞ்சிய கணவர்களுக்காகக் கற்பனையில் கட்டிய வீடு. குழந்தையின் தகப்பனார் எங்கே போனார் என்று படம் கேட்பதே இல்லை. சான்றாகக் கொள்வதானால் அந்த அச்சத்துக்குச் சான்றாகக் கொள்ளுங்கள்.

தோமியே வேறு தொடர்களில் கணவர்களையும் விட்டுவைக்கவில்லை என்பது உண்மைதான். ஆனால் எழுதும் பெண்கள் விஷயத்தில் அவர் சிரிப்பவர்கள் பக்கமே நின்றார். அதற்குச் சமாதானம் தேட நான் விரும்பவில்லை.

படத்தின் அடியில் உள்ள வாசகம், தாய் படைப்பின் நெருப்பில் இருக்கிறாள், குழந்தை தொட்டியின் நீரில் இருக்கிறது என்று சொல்விளையாட்டு ஆடுகிறது. இத்தகைய வாசகங்களைப் பெரும்பாலும் இதழைச் சேர்ந்தவர்களே எழுதினார்கள். தோமியேவின் படங்கள் அவையின்றியே நிற்கக்கூடியவை என்பது கவிஞர் போத்லேரின் கருத்து. அந்த வரியைக் கையால் மறைத்துவிட்டுப் பாருங்கள். கல்லச்சில் ஓவியருக்கும் தாளுக்கும் நடுவே செதுக்குபவர் எவரும் இல்லை. கொழுப்புக் கலந்த கோலால் அவரே சுண்ணாம்புக் கல்லின் மேல் வரைகிறார், கல்லை நனைத்து மை உருளையை ஓட்டும்போது கொழுப்புப் பட்ட இடம் மட்டும் மையைப் பிடித்துக்கொள்கிறது. கை அழுந்திய இடமும் தளர்ந்த இடமும் அப்படியே அச்சில் விழுகின்றன. அந்தச் சிறு கால்களைப் பார்க்கும்போது, வாசகத்தில் இல்லாத பதைப்பு எனக்கு ஏற்படுகிறது.

தோமியே வீட்டுக் காட்சிகளின் பக்கம் வந்ததற்கே அரசுதான் காரணம். மன்னர் லூயி பிலிப்பைப் பெருந்தீனிக்காரராக வரைந்ததற்காக 1832-இல் 6 மாதச் சிறைத்தண்டனை பெற்றவர் அவர். 1835 செப்டம்பரில் வந்த சட்டம், முன் அனுமதி பெறாமல் எந்தப் படத்தையும் வெளியிடக் கூடாது என்றது. அரசியலை வரைய வழியில்லாமல் போகவே, ஷாரிவாரியின் ஓவியர்கள் சமூகப் பழக்கவழக்கங்களின் பக்கம் திரும்பினார்கள்.

அதற்கு முன்பே, 1834-இல், அவர் ஒரு வீட்டின் அறையை வரைந்திருக்கிறார். பாரிஸின் டிரான்ஸ்நோனேன் தெருவில் அரசுப் படைவீரர்கள் புகுந்து குடியிருந்தவர்களைக் கொன்ற வீடு அது. இரவு உடையில் ஒருவர் கட்டிலோரம் சரிந்து இறந்துகிடக்கிறார். பக்கத்தில் நாற்காலி கவிழ்ந்திருக்கிறது. அச்சிட்ட பிரதிகளையும் கல்லையும் அரசு பறிமுதல் செய்தது. அந்தப் படத்தைத் தேடிப் பார்க்கும்போது, இறந்தவரின் உடலுக்கு அடியில் சற்று உற்று நோக்குங்கள். அங்கேயும் ஒரு குழந்தை கிடக்கிறது.