மாயமட்டையும் மெல்பர்ன் கோடையும்: ஒரு கடிதம், ஒரு பதில்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நாடக மேடைகள் பற்றிய உங்கள் கட்டுரையை வாசித்தேன். அதில் ஆஸ்திரேலியக் காலனிகளில் நடந்த கிறிஸ்துமஸ் பாண்டமைம்களை ‘லண்டன் மேடையின் நகல்கள், ஊர் ஏக்கத்தின் விளைவுகள்’ என்று ஒரே வரியில் கடந்து சென்றிருக்கிறீர்கள். நான் பதினோரு ஆண்டுகளாக மெல்பர்னில் வசிக்கிறேன். சென்ற டிசம்பரில் என் மகளின் பள்ளியில் தேவதைக் கதை ஒன்றை நாடகமாகப் போட்டார்கள். வெளியே அனல் அடித்துக்கொண்டிருந்தது. மேடையிலோ பஞ்சால் செய்த பனி. இந்த வழக்கம் விக்டோரியா காலத்திலேயே இங்கே வேரூன்றிவிட்டது என்று ஆசிரியை ஒருவர் சொன்னார். வெறும் ஏக்கம் என்றால் இரண்டு தலைமுறைக்கு மேல் ஒரு வழக்கம் எப்படி நிற்கும் என்ற கேள்வி அப்போது எழுந்தது. அந்த நாடகங்களை இந்த ஊரில் எப்படி மேடையேற்றினார்கள்? நகல் என்ற உங்கள் சொல்லில் இன்னும் நிற்கிறீர்களா? விரிவாக எழுத வேண்டுகிறேன்.

அன்புடன்,
ஒரு வாசகி, மெல்பர்ன்

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். அந்தச் சொல்லில் நான் இப்போது நிற்கவில்லை. உங்கள் கடிதம் வந்த பிறகு அந்தக் காலத்து நாடகங்களைப் பற்றி மீண்டும் வாசித்தேன். ஒரே வரியில் கடந்து செல்லக்கூடிய விஷயம் அல்ல அது என்பதோடு, அந்த வரியே தவறு என்பதும் எனக்குத் தெளிவானது.

முதலில் ஒரு விளக்கம். பாண்டமைம் என்றதும் நம்மவர்களுக்கு வாய்பேசாத அபிநயம் நினைவுக்கு வரும். ஆங்கிலேயரின் கிறிஸ்துமஸ் பாண்டமைம் அதற்கு நேர் எதிரானது. பாட்டு, சிலேடை, எதுகை வைத்த வசனம், அரசியல் கேலி, நடனம் என்று காதுக்கு ஓயாமல் வேலை கொடுப்பது. தொடக்கப் பகுதியில் குழந்தைகள் அறிந்த ஒரு கதை நடக்கும். கதை முற்றும் இடத்தில் தேவதை ஒருத்தி தோன்றி அவர்களைப் பழைய இத்தாலிய நகைச்சுவை நாடகத்தின் நிலையான பாத்திரங்களாக, காதலர்களை ஹார்லிகுவினாகவும் கொலம்பைனாகவும், கிழவரைப் பாண்டலூனாகவும், வேலைக்காரனைக் கோமாளியாகவும் மாற்றிவிடுவாள். அதன் பிறகு அவர்கள் ஒருவரையொருவர் துரத்திக்கொண்டு ஓடுவது கதையின் மாயநாட்டில் அல்ல, நாடகம் பார்ப்பவர்கள் அன்றாடம் நடக்கும் கடைத்தெருவில். கிரிமால்டி என்ற பெருங்கோமாளி 1806-இல் லண்டன் கோவன்ட் கார்டன் அரங்கில் ஆடிய நாட்களிலேயே இந்த அமைப்பு உறுதிப்பட்டிருந்தது. நூற்றாண்டின் பிற்பகுதியில் துரத்தல் சுருங்கித் தொடக்கக் கதை நீண்டது. ஆனால் உள்ளூர்ச் செய்தியைப் பேசியே ஆகவேண்டும் என்ற விதி மட்டும் மாறவில்லை.

என் பிழை இங்கேதான் இருந்தது. எந்த ஊரில் ஆடப்படுகிறதோ அந்த ஊரைப் பற்றிப் பேசுவதையே இலக்கணமாகக் கொண்ட ஒரு வடிவத்தை வரிக்கு வரி நகலெடுத்தால் அது அந்த வடிவமாகவே இருக்காது. லண்டன் நகராட்சியைக் கேலி செய்யும் வசனத்துக்கு மெல்பர்னில் யார் சிரிப்பார்கள்? ஆகவே லண்டன் மேடைக்கு உண்மையாக இருக்க விரும்பிய மெல்பர்ன் எழுத்தாளர், லண்டனை விட்டு வெளியே வந்தே தீரவேண்டியிருந்தது.

எழுத ஆளும் இருந்தார்கள், பார்க்கக் கூட்டமும் இருந்தது. மெல்பர்னைத் தலைநகராகக் கொண்ட விக்டோரியா 1851-இல் தனிக் காலனியாகப் பிரிந்தபோது அதன் மக்கள்தொகை ஏறத்தாழ 77,000. தங்கம் கிடைத்த செய்தி பரவிய பத்தே ஆண்டுகளில் அது ஐந்து இலட்சத்தைத் தாண்டியது. மெல்பர்னின் போர்க் தெருவில் 1855-இல் திறக்கப்பட்ட தியேட்டர் ராயல் ஒரே வேளையில் மூவாயிரம் பேருக்கு மேல் உட்காரக்கூடிய அரங்கு. பத்திரிகையாளராக இருந்த வில்லியம் அக்ஹர்ஸ்ட் இந்த அரங்குகளுக்கு ஆண்டுதோறும் பாண்டமைம்கள் எழுதினார். 1869-இல் அவர் எழுதியது ‘ஜாக் கட்டிய வீடு’. குழந்தைப் பாடலின் தலைப்புதான். ஆனால் அதில் வரும் காதலனின் பெயர் ஜாக் மெல்பர்ன், காதலியின் பெயர் லிட்டில் விக்டோரியா. நகரமும் காலனியும் காதலர்களாகி மேடையில் நிற்கின்றன. ஏக்கம் மட்டுமே உந்துதலாக இருந்திருந்தால் இந்தக் கற்பனை தோன்றியிருக்காது.

உங்கள் கேள்விக்கு மிகச் சரியான விடை 1873 டிசம்பர் 26 என்ற ஒரு நாளில் இருக்கிறது என்று நினைக்கிறேன். கிறிஸ்துமஸுக்கு மறுநாளான பாக்ஸிங் டே அன்று புதிய பாண்டமைம் அரங்கேறுவது மரபு. அன்று பகலில் மெல்பர்ன் கிரிக்கெட் மைதானத்தில் டபிள்யூ. ஜி. கிரேஸின் இங்கிலாந்து அணி பதினொருவரும் விக்டோரியாவின் பதினெட்டு ஆட்டக்காரர்களும் மோதத் தொடங்கியிருந்தார்கள். (அந்த ஆட்டத்தில் விக்டோரியா இன்னிங்ஸ் வெற்றி பெற்றது.) அன்று இரவு போர்க் தெருவில், ஒன்றோடொன்று போட்டியிடும் இரண்டு அரங்குகளில் இரண்டு புதிய பாண்டமைம்கள்.

தியேட்டர் ராயலில் மார்கஸ் கிளார்க் எழுதிய ‘ட்விங்கிள் ட்விங்கிள் லிட்டில் ஸ்டார்’. ஆஸ்திரேலியக் குற்றவாளிக் குடியிருப்புகளின் கொடுமையை நாவலாக எழுதிப் புகழ்பெற்ற அதே கிளார்க்தான். நாடகத்தின் நீண்ட தலைப்பிலேயே ஜாக் ஃப்ராஸ்ட், அதாவது உறைபனியின் உருவம், இடம்பெற்றிருக்கிறான். வடக்கிலிருந்து பாலைக்காற்று வீசும் மாதத்தில், நூற்றுக்கணக்கான எரிவாயுச் சுடர்கள் எரியும் மூடிய கூடத்தில், உறைபனி மனித உருவெடுத்து வருவதைப் பார்க்க மக்கள் திரண்டார்கள். காலனியிலேயே பிறந்த பிள்ளைகளில் பெரும்பாலோருக்குப் பனி என்பது தேவதையையும் அரக்கனையும் போல மேடையில் மட்டுமே காணக்கூடிய அதிசயமாக இருந்திருக்கும். பெற்றோரின் நினைவு பிள்ளைகளுக்குக் கற்பனையாகிவிடுகிறது. உங்கள் மகள் பார்த்த பஞ்சுப் பனியின் முன்னோடி இதுதான்.

மற்றொன்று ஓப்பரா ஹவுஸில் நடந்தது. டாஸ்மேனியாவில் பிறந்த கார்னெட் வால்ச் எழுதிய ‘ஆஸ்திரேலியா ஃபெலிக்ஸ், அல்லது ஹார்லிகுவின் லாஃபிங் ஜாக்காஸும் மாயமட்டையும்’. லாஃபிங் ஜாக்காஸ் என்பது மனிதச் சிரிப்பைப் போலக் கூவும் உங்கள் ஊர்ப் பறவையான கூக்கபரா. ஆஸ்திரேலியா ஃபெலிக்ஸ் என்பது 1836-இல் நில அளவையாளர் தாமஸ் மிட்சல் இன்றைய விக்டோரியாவின் மேற்குப் புல்வெளிகளுக்கு வைத்த பெயர். ஃபெலிக்ஸ் என்ற இலத்தீன் சொல்லுக்குப் பேறு பெற்றது என்று பொருள். நிலத்தின் அந்தப் பெயரை வால்ச் தன் கதையின் இளம் நாயகனுக்குச் சூட்டிவிட்டார்.

என்னை மிகவும் ஈர்த்தது அந்த மாயமட்டைதான். பாண்டமைம் மரபில் ஹார்லிகுவின் கையில் எப்போதும் மெல்லிய மரச்சட்டம் ஒன்று இருக்கும். அதால் அவன் ஓங்கி அடித்தால் கடை கோயிலாகும், பெட்டி படகாகும். அந்த அடியின் ஓசைதான் காட்சியை மாற்றச் சொல்லி மேடைத் தொழிலாளிக்குக் கொடுக்கப்படும் சைகையும்கூட. அந்தச் சட்டத்துக்கு ஆங்கிலத்தில் ‘பேட்’ என்றே பெயர். வால்ச் அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு, இத்தாலியில் பிறந்து லண்டன் வழியாக வந்த மந்திரக்கோலைக் காலனிச் சிறுவனின் கிரிக்கெட் மட்டையாக்கிவிட்டார். ஊரே கிரேஸைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த நாளில் அது அரங்கேறியது. ஒரு வடிவம் புதிய மண்ணில் எப்படி வேர் பிடிக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

மேடையேற்றியது எப்படி என்று கேட்டிருந்தீர்கள். எழுத்தாளர் பெயர்தான் நமக்கு எஞ்சியிருக்கிறது. ஆனால் அன்றைய பார்வையாளர்கள் பணம் கொடுத்தது பெரும்பாலும் ஓவியருக்காகவும் தச்சருக்காகவும்தான். மெல்பர்னில் அந்த ஓவியர்களில் தலையாயவர் ஜெர்மனியின் பிரேமன் நகரில் பிறந்து 1850-களில் வந்து சேர்ந்த ஜான் ஹென்னிங்ஸ். பாண்டமைமின் உச்சம் ‘உருமாற்றக் காட்சி’ எனப்படும். வண்ணம் தீட்டிய மெல்லிய திரைகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தொங்கும். முன்பக்க விளக்கைத் தணித்துப் பின்பக்க விளக்கை ஏற்றினால் முன்திரை கரைந்ததுபோல் மறைந்து அடுத்த திரையின் உலகம் தெரியும். திரைகள் மெதுவாக மேலேற, இரும்புத் தாங்கிகளில் கட்டப்பட்ட பெண்கள் மலரிதழ்களுக்குள்ளும் மேகங்களுக்கிடையிலும் தேவதைகளாக எழும்புவார்கள். ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் கலந்த சுடரைச் சுண்ணாம்புக் கட்டியின்மேல் பாய்ச்சி உண்டாக்கும் கண்கூசும் வெள்ளொளி அவர்கள்மேல் விழும். கடைசியில் இருபுறமும் செந்தீ கொளுத்தப்படும். பல நிமிடங்கள் நீளும் இந்தக் காட்சியில் பேச்சே இருக்காது. இதற்காக ஓவியக்கூடமும் தச்சுப்பட்டறையும் பல வாரங்கள் உழைத்தன. ஆங்கில ஓவியர்கள் ஓடைகளையும் பவளத்தீவுகளையும் தீட்டிய அந்த இடத்தில், காலனியின் ஓவியர்கள் நாளடைவில் மரப்பெரணிகள் அடர்ந்த உள்ளூர்ப் பள்ளத்தாக்குகளைத் தீட்டினார்கள்.

திறந்த சுடர், மெல்லிய துணி, காய்ந்த மரம், கொதிக்கும் கோடை ஆகிய நான்கும் ஒரே கூரையின் கீழ் இருந்தன என்பதை மறந்துவிடக்கூடாது. லண்டன் டுரூரி லேன் அரங்கில் 1844-இல் கிளாரா வெப்ஸ்டர் என்ற நடனக்காரியின் ஆடை மேடை விளக்கில் பற்றிக்கொண்டு அவர் இறந்தார். தியேட்டர் ராயலும் 1872 மார்ச்சில் தீயில் அழிந்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் மீண்டும் கட்டி எழுப்பினார்கள். மேகத்தின் உச்சியில் கட்டுண்டு புன்னகைத்தபடி அசையாமல் நின்ற அந்தப் பெண்களின் துணிவை விமரிசனங்கள் போதிய அளவு பதிவு செய்யவில்லை என்பது என் ஆழ்ந்த வருத்தம்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பெரணிப் பள்ளத்தாக்கில் இறங்கிய தேவதைகள் ஐரோப்பாவிலிருந்து வந்தவர்கள். அந்தப் பள்ளத்தாக்குகளுக்கு அந்நிலத்தின் பூர்வகுடிகளான வுருண்ட்ஜெரி மக்களும் அவர்களின் குலின் உறவுக் குழுக்களும் ஏற்கெனவே கதைகள் வைத்திருந்தார்கள். கழுகுருவான புன்ஜில் அந்நிலத்தைப் படைத்த கதை அவர்களுடையது. மேடையில் நிலம் உள்ளூரானது. ஆனால் அந்நிலத்தின் மூத்த கதைக்கு அங்கே இடம் கொடுக்கப்படவில்லை. ‘பேறு பெற்ற’ என்ற பெயரைச் சிறுவனுக்குச் சூட்டியபோது யாருடைய பேறு என்ற கேள்வியை அந்த அரங்கம் எழுப்பவில்லை. நகல் என்று சொன்னதற்காக என்னைத் திருத்திக்கொள்கிறேன். அதற்காக அந்த மேடையைக் குற்றமற்றதாகவும் என்னால் காட்ட முடியாது.

பிற்கால வரலாற்றைச் சுருக்கமாகவே சொல்லலாம். 1893-இன் வங்கி நெருக்கடிக்குப் பிறகு தொழில் பெரிய நிறுவனங்களின் கைக்குப் போனது. நாடகத் தயாரிப்பாளர் ஜே. சி. வில்லியம்சன் 1895-இல் தந்த ‘ஜின் ஜின்’ ஜப்பானிய அலங்காரம் பூண்ட, காலனிகள் தோறும் சுற்றிய பெரும்படைப்பு. உள்ளூர்த் தெருவின் வாசனை அதில் குறைவு என்பதால் எனக்கு அக்ஹர்ஸ்ட், வால்ச் காலத்தின்மீதே பற்று அதிகம்.

நீங்கள் அந்த நகரிலேயே இருப்பதால் ஒரு வேண்டுகோள். தியேட்டர் ராயல் 1933-இல் இடிக்கப்பட்டுவிட்டது. ஆனால் ஸ்வான்ஸ்டன் தெருவிலுள்ள மாநில நூலகம் இருக்கிறது. மார்கஸ் கிளார்க் பகலில் பணியாற்றிய இடம் அது. ஜாக் ஃப்ராஸ்டை மேடையேற்றிய காலத்தில் அவர் அங்கே துணை நூலகர். வால்சின் நாடகம் 1873-இலேயே அச்சானது. அங்கே சென்று கேட்டுப் பாருங்கள், முடிந்தால் மகளையும் அழைத்துச் செல்லுங்கள். தலைப்பிலுள்ள பறவையின் குரல் அவளுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும். வாசித்தபின் எழுதுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்