கட்டைவிரல் அடியில் வலி: ஆபரேஷன்தான் வழியா?

கேள்வி: எனக்கு வயது 56. முப்பது வருடமாகத் தையல்தான் தொழில். ஒரு வருடமாக வலது கட்டைவிரலின் அடியில், மணிக்கட்டை ஒட்டிய இடத்தில் வலி. சாவி திருப்ப முடியவில்லை, பாட்டில் மூடி திறக்க முடியவில்லை. கத்தரி பிடித்தால் கண்ணில் தண்ணீர் வருகிறது. எக்ஸ்ரே பார்த்த டாக்டர், “தேய்மானம், என்றைக்காவது ஆபரேஷன் வரும்” என்றார். ஒரே ஊசியில் சரியாகிவிடும் என்கிறாள் தங்கை. கையை அசைக்காமல் வை என்கிறார் கணவர். தையலை விட்டுவிட வேண்டுமா?

பதில்:

அன்புச் சகோதரி, தையலை விட வேண்டாம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீங்கள் மீதியைப் பதற்றத்தோடுதான் படிப்பீர்கள்.

உங்களுக்கு வலிக்கிற இடத்தில் கட்டைவிரல் எலும்பு, ட்ரபீசியம் என்கிற ஒரு சின்ன மணிக்கட்டு எலும்பின் மேல், குதிரைச் சேணத்தில் ஆள் உட்கார்வது போல உட்கார்ந்திருக்கிறது. அதனால்தான் கட்டைவிரலை முன்னே, பின்னே, பக்கவாட்டில் என எல்லாப் பக்கமும் கொண்டுபோக முடிகிறது. ஆனால் இவ்வளவு சுதந்திரமாக அசைகிற மூட்டுக்கு நல்ல பிடிமானம் கிடையாது, தசைநார்கள்தான் அதை இழுத்துப் பிடித்து வைத்திருக்கின்றன. வயதாக ஆக அவை தளரும், குருத்தெலும்பு தேயும். 40 வயதுக்கு மேல், அதுவும் மாதவிடாய் நின்ற பெண்களுக்கு இது அதிகம்.

வலிக்கு இன்னொரு காரணம் கணக்கில் இருக்கிறது. கட்டைவிரல் நுனியால் ஒரு பொருளை 1 கிலோ விசையில் கிள்ளிப் பிடித்தால், அடி மூட்டில் சுமார் 12 கிலோ விசை விழுகிறது என்று 1977இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. சாவி திருப்பும்போது, துணியில் சிக்கிய ஊசியை இழுக்கும்போது அந்தச் சின்ன மூட்டு என்ன பாடுபடும் என்று நினைத்துப் பாருங்கள். ஆக, நம் வேலையே அந்த 1 கிலோவைக் குறைப்பதுதான். மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்.

எக்ஸ்ரேயைப் பார்த்து மிரள வேண்டாம். படத்தில் மூட்டு மோசமாகத் தேய்ந்திருந்தும் வலியே இல்லாதவர்கள் இருக்கிறார்கள், லேசான தேய்மானத்தில் துடிக்கிறவர்களும் இருக்கிறார்கள். சிகிச்சை உங்கள் வலிக்கும் கைக்கும்தான், படத்துக்கு இல்லை. “என்றைக்காவது ஆபரேஷன்” என்பதும் எல்லோருக்கும் பொருந்தாது, பெரும்பாலானவர்கள் கத்தி படாமலேயே சமாளித்துவிடுகிறார்கள்.

இப்போது ஸ்பிளிண்ட். கட்டைவிரலின் அடியை அசையாமல் தாங்கி, நுனியை வேலைக்கு விட்டுவைக்கிற சின்ன உறை. இதைப் போட்டுவிட்டு ஒரே வாரத்தில் “பிரயோஜனம் இல்லை” என்று தூக்கிப் போடுகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். பிரான்ஸில் 112 பேரிடம் நடத்தி 2009இல் வெளியிட்ட ஆய்வில், இரவில் ஸ்பிளிண்ட் போட்டவர்களுக்கு முதல் மாதம் பெரிய வித்தியாசம் எதுவும் இல்லை. ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோதுதான் போடாதவர்களைவிட அவர்களுக்கு வலி குறைந்திருந்தது. எனவே பொறுமை வேண்டும். உங்கள் கைக்கு அளவெடுத்துச் செய்து வாங்குங்கள், எங்கேயாவது உறுத்தினால் நீங்களே போடாமல் விட்டுவிடுவீர்கள்.

கணவர் சொல்வதில் பாதி சரி. வலி உச்சத்தில் இருக்கும் சில நாள் ஓய்வு நல்லதுதான், ஆனால் மாதக்கணக்கில் அசைக்காமல் வைத்தால் கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவில் உள்ள சதை இறுகிவிடும், அப்புறம் கை விரியாது. தினமும் ஒரு டம்ளரைப் பிடிப்பது போலக் கையை வளைத்து, வலிக்காத அளவுக்கு விரித்துக் கொஞ்ச நேரம் வையுங்கள். அடுத்து, உள்ளங்கையை மேசையில் கவிழ்த்து, ஆட்காட்டி விரலைக் கட்டைவிரல் பக்கமாக நகர்த்தப் பாருங்கள், அதே சமயம் மறு கையின் விரலால் தடுங்கள். ஐந்து எண்ணும்வரை, பத்து முறை. அந்த இடத்துத் தசை வலுவானால் கட்டைவிரலின் அடி தன் இடத்தில் நிற்கும். யாராவது பந்தைக் கொடுத்து “நன்றாக அமுக்குங்கள்” என்றால் வாங்கி ஓரமாக வைத்துவிடுங்கள். கை வலி என்றதும் பந்தை நீட்டுகிற பழக்கம் எப்படி வந்ததோ தெரியவில்லை, இந்த மூட்டுக்கு அது கூடுதல் சுமை.

மருந்தில் முதலில் டைக்ளோஃபெனாக் போன்ற ஜெல். தடவியதும் ஒரு மணி நேரம் கையைக் கழுவக் கூடாது. இதைச் சொல்ல மறந்துவிடுகிறார்கள், அப்புறம் ஜெல் வேலை செய்யவில்லை என்று புகார். வலி மாத்திரைகளைச் சில நாள் மட்டும், டாக்டரைக் கேட்டு. வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு, ரத்த அழுத்தம் இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். காலையில் பத்து நிமிடம் வெதுவெதுப்பான தண்ணீரில் கையை வைத்தால் விறைப்பு விடும்.

தங்கை சொன்ன ஸ்டீராய்டு ஊசியால் சிலருக்குச் சில வாரமோ சில மாதமோ நிம்மதி கிடைக்கிறது, தேய்ந்ததைத் திருப்பித் தராது. ஆய்வுகளிலும் வெறும் உப்புநீர் ஊசியைவிட அது நீண்ட நாள் பலன் தருவதாக உறுதியாகவில்லை. எதுவும் கேட்காத நேரத்தில் ஒருமுறை போடலாம், அடிக்கடி போடக் கூடாது. சர்க்கரை நோய் இருந்தால் சில நாள் சர்க்கரை ஏறும்.

ஒரு விஷயத்தை மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள். காலை விறைப்பு ஒரு மணி நேரத்துக்கு மேல் நீடிக்கிறதா, பல மூட்டுகளில் வீக்கமா, இரவில் விரல்கள் மரத்துப்போகின்றனவா? அப்படியானால் வேறு பிரச்சினையாக இருக்கலாம், டாக்டரிடம் தெளிவாகச் சொல்லுங்கள். இத்தனையும் மாதக்கணக்கில் செய்தும் வலி தூக்கத்தைக் கெடுத்தால் அப்போது ஆபரேஷனைப் பற்றிப் பேசலாம்.

தையலுக்கு வருகிறேன். ஸ்பிரிங் வைத்த, தானே திறந்துகொள்கிற கத்தரிக்கு மாறுங்கள், திறக்கும் வேலை கட்டைவிரலுக்கு மிச்சம். சிக்கிய ஊசியை நுனி விரலால் இழுக்காமல் ஒரு சின்ன ரப்பர் துண்டால் பிடித்து இழுங்கள், வழுக்காததால் பாதி விசை போதும். சாவியில் தடிமனான பிடி ஒன்று மாட்டுங்கள். பாட்டில் மூடியை உள்ளங்கையால் அழுத்தித் திருப்புங்கள். அரை மணிக்கு ஒருமுறை கத்தரியைக் கீழே வையுங்கள், துணி எங்கேயும் ஓடிவிடாது.

போனில் இரண்டு கட்டைவிரலாலும் டைப் செய்கிற பழக்கம் உண்டா? இருந்தால் போனை மேசையில் வைத்து ஆட்காட்டி விரலால் அடியுங்கள்.