மூளை சொல்லாமலே குடல் எப்படி உணவைத் தள்ளுகிறது?

விழுங்கிய பிறகு எதுவும் நம் கையில் இல்லையே, உணவு வந்தது குடலுக்கு எப்படித் தெரிகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். குடல் சுவருக்குள்ளேயே உணர்வு நரம்பு செல்கள் இருக்கின்றன. உணவுக்கூழ் வந்து சுவரை விரித்தால், உட்பூச்சில் உள்ள சில செல்கள் செரோட்டோனின் என்ற, சேதி சொல்லும் வேதிப்பொருளைக் கசியவிடும் (உடலின் செரோட்டோனினில் சுமார் 90 சதவீதம் குடலில்தான்!). அது உணர்வு நரம்பைத் தூண்ட, கூழுக்குப் பின்னால் தசை இறுகும், முன்னால் தளரும். பற்பசைக் குழாயை அடியிலிருந்து பிதுக்குவது போல.

1899-இல் உடலியல் ஆய்வாளர்களான பேலிஸும் ஸ்டார்லிங்கும் நாயின் குடலுக்கு வெளியிலிருந்து வரும் நரம்புகளைத் துண்டித்துப் பார்த்தார்கள், இயக்கம் நிற்கவில்லை. அதற்காக மூளைக்குத் தகவலே போகாது என்றில்லை. மூளையையும் உள்ளுறுப்புகளையும் இணைக்கும் வேகஸ் நரம்பின் இழைகளில் பெரும்பாலானவை உள்ளுறுப்புகளிலிருந்து மேலே சேதி கொண்டுபோகிறவைதான். வயிறு நிறைந்த உணர்வும் குமட்டலும் பெரும்பாலும் அந்த வழியாகத்தான் வருகின்றன.